பேராசிரியருக்குப் பதிலாக

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் எனக்கு அது நான்காவது ஆண்டு. விலங்கியல் துறைக் கட்டடத்தின் நிலவறையில் நீளமான ஓர் அறை இருந்தது. சுவர் முழுக்க அலமாரிகள், அலமாரி முழுக்க ஆட்டு மண்டையோடுகள். ஒவ்வொன்றாக எடுத்து, கொம்பின் அடிச்சுற்று, கண்குழியின் அகலம், பல்வரிசையின் நீளம் என்று அளந்து அட்டையில் எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. செத்து வரும் விலங்குகளைத் தோலுரித்துச் சுத்தம் செய்வதும் என் வேலைதான். காலையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கினால், மாலையில் மேலே வரும்போது இருக்கையெல்லாம் பனி உறைந்திருக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. களைப்பு என்பது வயதானவர்களுக்கு வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அது காலையில் எழும்போதே வந்தது.

என் பேராசிரியர் ஒரே ஒரு விலங்கின் மீது தம் வாழ்நாளைச் செலவழித்தவர். இமயமலையில் வாழும் அந்தக் காட்டு விலங்குக்கு நீல ஆடு என்று பெயர். அது நீலமும் இல்லை, ஆடுதானா என்பதும் சந்தேகம். செம்மறியின் இனமா, வெள்ளாட்டின் இனமா என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கொம்பு ஒன்று சொன்னது, குளம்பு வேறொன்று சொன்னது. உயிரோடு இருக்கும்போது அது எப்படி நடக்கிறது, எப்படி முட்டிக்கொள்கிறது என்று பார்த்தால்தான் தீரும் என்று பேராசிரியர் நம்பினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் திபெத்திய எல்லையை ஒட்டிய ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. அவருடைய அறையில் அதன் வரைபடம் மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டி, சுவரில் தொங்கியது. அங்குள்ள ஓடைகளின் பெயர்களை அவர் பார்க்காமலே சொல்லுவார்.

ஆனால் எல்லைப் பகுதிக்குள் வெளிநாட்டினரை விடுவதில்லை. அவர் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்றாவது மறுப்புக் கடிதம் வந்த அன்று என்னை மேலே கூப்பிட்டார். கடிதம் மேசையில் விரித்துக் கிடந்தது.

"நீங்கள் இந்தியர்தானே?" என்றார்.

"ஆமாம்" என்றேன், ஏதோ நோயை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"அப்படியானால் உங்களுக்குத் தடை இல்லை. அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும்."

"ஐயா, நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் மலையே கிடையாது. உப்பளம்தான் உண்டு. இங்கிருந்து துருக்கியில் அங்காரா எவ்வளவு தூரமோ அதைவிட அதிகம், எங்கள் ஊரிலிருந்து ஸ்பிதி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தாலும் உங்களை விடுவார்கள்" என்றார். அந்தக் குரலில் இருந்த பொறாமையை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

எனக்கு ஹிந்தி தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, கல்லூரியில் படித்தபோது ஹிந்தியை எதிர்த்து ஊர்வலம் போய், தொண்டை கட்டும்வரை கத்தியவன். இப்போது பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஜெர்மன்காரர்களுக்காக ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஹிந்திப் பாடநூலை எடுத்துவந்து, விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த அறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், பொறியியல் படித்துக்கொண்டே ஒரு தொழிற்சாலையில் வேலையும் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஹிந்தி வேண்டாம் எண்டு ஊர்வலம் போனனான் எண்டு சொன்னனீர்தானே? இப்ப ஜேர்மன்காரன்ட புத்தகத்தில ஹிந்தி படிக்கிறீரோ?"

"என்ன அண்ணை செய்ய? போகச் சொல்லிட்டார்."

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத் தெம்பு இல்லை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஓம், அது முகத்தில தெரியுது" என்றார். பிறகு சோற்றுப்பானையை என் பக்கம் நகர்த்தி, "முதல்ல சாப்பிடும்" என்றார்.

அனுமதிச் சீட்டுக்காக டெல்லியிலும் சிம்லாவிலும் சேர்த்து ஒரு மாதம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில் இருந்து ஆடு பார்க்க வந்த மதராஸிக்காரன் என்ற கதையை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்ட் பாதியில்தான் மணாலியிலிருந்து மண்ணெண்ணெய் பீப்பாய்களும் மாவு மூட்டைகளும் ஏற்றிய ஒரு லாரியில் இடம் கிடைத்தது. இரண்டு கணவாய்கள். முதல் கணவாயில் தலைவலி. இரண்டாவது கணவாயில் மூட்டைகளின் மேல் குப்புறப் படுத்து, லாரி ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். கீழே பச்சை என்ற நிறமே இல்லாமல் மலைகள் போய்க்கொண்டே இருந்தன. பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் முப்பது வருடம் ஏங்கிய காட்சி அது. எனக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

சோதனைச் சாவடியில் லாரி நின்றது. என் சீட்டை வாங்கிய ஹவில்தார் பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழா சார் நீங்க?"

அந்த உயரத்தில் தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பு முடியாததால் வந்த அழுகைதான்.

"தூத்துக்குடி" என்றேன்.

"நான் ஆரணி சார். அய்யய்ய, இங்க எதுக்கு சார் வந்தீங்க?"

"ஆடு பாக்க."

"ஆடா? எங்க ஊர்ல இல்லாத ஆடா?" என்றவர், நான் நிற்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "லாரி போவட்டும். நீங்க ரெண்டு நாள் இங்க படுங்க. இந்த மூச்சோட மேல போனீங்கன்னா திரும்ப மாட்டீங்க."

இரண்டு நாள் அவருடைய தகரக் கொட்டகையில் கிடந்தேன். ஊரிலிருந்து வந்த புளியைக் கரைத்து, மிளகு தட்டிப் போட்டு, ரசம் வைத்துக் கொடுத்தார். இரண்டு குளிர்காலமாக இந்தப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அவருக்கும் களைப்புதான். ஆனால் அவர் களைப்பைப் பற்றிப் பேசவில்லை, கடைசிப் பெண்ணுக்குத் தம் முகம் மறந்துபோயிருக்கும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். மூன்றாம் நாள் சாலை வேலைக்குப் போகும் ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டார்.

நான் தங்கிய கிராமத்தில் இருபது வீடுகள் இருந்திருக்கும். மண் சுவர், தட்டைக் கூரை, கூரை ஓரமெல்லாம் அடுக்கிய விறகு. ஒரு விதவையின் வீட்டில் மாடி அறை கொடுத்தார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவளுடைய தம்பி சாலைக் கூலியாக ஊர் ஊராக அலைந்தவன், ஹிந்தி தெரியும். என் பாடநூல் ஹிந்தியும் அவனுடைய சாலை ஹிந்தியும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொண்டன. வறுத்த வாற்கோதுமை மாவும், உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரும் சாப்பாடு. முதல் வாரம் அந்தத் தேநீரைக் குடிக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

வந்த சில நாட்களில் கிராமத்துக்கு மேலே இருந்த மடாலயத்துக்குத் தம்பி கூட்டிப்போனான். தேன்கூடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அறைகள். உள்ளே நெய் விளக்கின் புகையில் சுவரோவியங்கள். கறுத்துப்போன நீலத்தில் புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு இருந்த வயதான பிக்கு என் கையில் இருந்த டார்ச்சை வாங்கி, ஒவ்வொரு முகமாக அடித்துக் காட்டிக்கொண்டே போனார். எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். கடைசியாக, காவல் தெய்வங்கள் இருந்த சிறிய அறையின் வாசலில் நிமிர்ந்து பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டேன். உத்தரத்திலிருந்து பாடம் செய்த விலங்குகள் தொங்கின. ஒரு காட்டு எருது, மலையாடு ஒன்று, வைக்கோல் பிதுங்கிய ஒரு பனிச்சிறுத்தை. எத்தனை காலமாக அங்கே இருக்கின்றன என்று பிக்குவுக்கே தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் மறுபடி ஒரு நிலவறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது. தம்பி ஏன் என்று கேட்டான். என் ஹிந்தியில் அதைச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பதில் வேறொன்றைச் சொன்னேன். கிளம்பும் முன் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்ததுதான்: அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் சேகரிப்பில் எதுவும் இல்லை, செத்துக் கிடக்கும் விலங்கின் மண்டையோடோ தோலோ கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று. "இது மாதிரி எங்கள் இடத்துக்கும் வேண்டும்" என்று தொங்கிய சிறுத்தையைக் காட்டினேன். செத்துக் கிடந்தால், என்ற வார்த்தையைச் சேர்த்தேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

பிறகு வேலை தொடங்கியது. விடிந்ததும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு. எதிர்ச்சரிவில் கற்கள் கிடக்கும். மணிக்கணக்காகக் கற்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு கல் தலையைத் திருப்பும். உடனே பக்கத்துக் கற்களும் எழுந்து மேயத் தொடங்கும். கிடா ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று இன்னொன்றின் மேல் சாய்ந்து விழுந்து முட்டியதை ஒரு காலையில் நான்கு தடவை பார்த்தேன். வெள்ளாடுதான் அப்படிச் செய்யும். குறிப்பேட்டில் எழுதினேன். விரல் மரத்துப்போனதால் எழுத்து குழந்தையின் கையெழுத்து மாதிரி இருந்தது. பேராசிரியருடைய கேள்விக்கான பதிலில் ஒரு துண்டு அது என்று தெரிந்தும் எனக்குள் எதுவும் துள்ளவில்லை. கீழே போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, மலையேறக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீழே பெண் குரல் அலறியது. வீட்டுக்காரிதான். வீட்டுக்குப் பின்னால் அவளுடைய ஆட்டுப்பட்டி. கல் சுவர், மேலே கூரை, கூரையின் நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. அந்த வழியாக உள்ளே குதித்த பனிச்சிறுத்தைக்கு வெளியே வரத் தெரியவில்லை. உள்ளே இருந்த ஒன்பது ஆடுகளையும் கொன்றுவிட்டிருந்தது.

நான் போவதற்குள் கூரையின் மேல் ஆட்கள் ஏறிவிட்டார்கள். எல்லோர் கையிலும் கல். திறப்பின் வழியாகக் கல்லைப் போட்டே கொல்வதுதான் அங்கே வழக்கம். தம்பி என்னைக் கைகொடுத்து மேலே இழுத்தான். "பாபுஜி, பாருங்கள். நீங்கள் கேட்டீர்களே" என்றான்.

மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். செத்த ஆடுகளுக்கு நடுவில், மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. சீறவில்லை. வயிறு பெருத்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மோவாயில் ரத்தம் காய்ந்திருந்தது. வெளிறிய கண்களால் என்னைப் பார்த்தது, பிறகு பார்ப்பதும் பெரிய வேலை என்பது போலத் தலையை முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டது.

"சொல்லுங்கள். தலை கெடாமல் அடிக்கச் சொல்கிறேன். தோலும் மண்டையும் உங்களுக்கு" என்றான் தம்பி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் மடாலயத்துப் பிக்கு மூச்சிரைக்க இறங்கி வந்து சேர்ந்திருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் பெரிய கருணை எதுவும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்: இதை நான் எர்லாங்கனுக்குக் கொண்டுபோவேன். வேகவைத்துச் சதை நீக்குவேன். கண்குழியின் அகலத்தை அளப்பேன். அட்டையில் இடம், ஆணா பெண்ணா, சேகரித்தவர் பெயர் என்று என் கையெழுத்தில் எழுதுவேன். அதை நினைத்தபோது உடம்பெல்லாம் சோர்ந்துபோனது.

"வேண்டாம்" என்றேன். தமிழில்தான் வந்தது. யாருக்கும் புரியவில்லை. மறுபடி ஹிந்தியில் சொன்னேன்.

வீட்டுக்காரி கீழே நின்று ஏதோ கத்தினாள். தம்பி மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் வற்புறுத்திக் கேட்டேன். "'உனக்கு வேண்டாம் என்றால் ஆயிற்றா? என் ஆடு செத்தது எனக்குத்தானே' என்கிறாள்."

அவள் சொன்னது சரி. பிக்கு அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். உபதேசம் எதுவும் செய்த மாதிரித் தெரியவில்லை. அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் அழுது முடித்தபின் கூரையைப் பார்த்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்கு ஒரு குட்டி, பனி உருகியதும் அவள் பட்டிக்கு வர வேண்டும் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு கிழவர் கல்லைக் கீழே போட்டார். அதன் பிறகு மற்றவர்களும் போட்டார்கள். அவள் சரி என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

நீளமான ஒரு மரத்தைத் திறப்பின் வழியாகச் சாய்த்து இறக்கினோம். மேல் நுனி உருளாமல் இருக்க நானும் தம்பியும் பிடித்துக்கொண்டோம். மற்றவர்கள் தூரப் போய்விட்டார்கள். அது ஏறவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது, சாயத் தொடங்கியது. என் கை மரத்துப்போனது. புகைப்படக் கருவி மாடி அறையில் இருந்தது. போய் எடுத்துவர எழுந்தால் மரம் உருளும். தூர நின்ற யாரையாவது கூப்பிட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். அதை நான் யோசிக்கவேயில்லை. மத்தியானத்துக்குப் பின் எப்போதோ மரம் அதிர்ந்தது. எங்களுக்கு ஒரு கை தூரத்தில் அந்தப் பெரிய தலை வெளியே வந்தது, தோள் வந்தது, உடம்பளவு நீளமான வால் வந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூரையிலிருந்து இறங்கி, வயிறு தொங்க, ஓடாமல் நடந்தே சரிவில் ஏறிப் போனது. கற்களுக்குள் போனதும் எது அது, எது கல் என்று தெரியவில்லை.

நான் இறங்கியபோது வீட்டுக்காரி பட்டி வாசலில் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். இறைச்சி கெடும் முன் ஒன்பது ஆட்டையும் உரிக்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கத்தியை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. தோல் உரிப்பது எனக்குத் தெரிந்த வேலை. நான்கு வருடமாக அதுதானே. மாலைவரை இருவரும் பேசாமல் உரித்தோம். ஆறாவதோ ஏழாவதோ ஆட்டின்போது அவள் என் கையைக் கவனித்துவிட்டுத் தம்பியிடம் ஏதோ சொன்னாள்.

"'இவனுக்கு இதாவது தெரிகிறதே' என்கிறாள்" என்றான் தம்பி.

மூன்று நாள் அவள் எனக்குத் தேநீர் தரவில்லை. நான்காம் நாள் கதவுக்கு வெளியே கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

கணவாயில் பனி விழும் முன் கிளம்பி, அக்டோபர் முடிவில் எர்லாங்கன் வந்து சேர்ந்தேன். பேராசிரியர் என் குறிப்பேடுகளை வாங்கி, கிடா பின்னங்காலில் எழுந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் இளைஞனின் முகமாகிவிட்டது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். சிறுத்தையைப் பற்றியும் சொன்னேன். கேட்டதையும், வேண்டாம் என்றதையும்.

அவர் எழுந்து வரைபடத்தின் பக்கம் போனார்.

"படம்கூட எடுக்கவில்லை."

"இல்லை."

"நானாக இருந்தால் அந்தத் தலையை வாங்கியிருப்பேன்" என்றார். பிறகு, "அதை நினைத்து அப்புறம் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் வாங்கியிருப்பேன். அங்கே போகவேண்டியவன் நான்" என்றார்.

"ஆமாம்" என்றேன். அது சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. உண்மையாகவே எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் போயிருந்தால் கணவாயில் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்.

"கண் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"சாம்பலில் கொஞ்சம் பச்சை."

அதை ஒரு தாளில் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கோபமும் காட்டவில்லை. நான் எடுத்த மற்ற படங்களை வைத்து நகர மண்டபத்தில் உரை நிகழ்த்தியபோது, ஒவ்வொரு ஓடையின் பெயரையும் தவறில்லாமல் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் அவர் போய்வந்தவர் என்றே நினைத்தார்கள். அவர் திருத்தவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் திருத்தத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு உடம்பு சரியில்லை. மருத்துவர் ரத்தம், நுரையீரல் எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை, ஓய்வு எடுங்கள் என்றார். அண்ணை என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, "எழும்பும், சோறு ஆறுது" என்பார். எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மண்டையோடுகளிடம் இறங்குவேன். ஒன்றரை வருடத்தில் அப்படியே ஆய்வேட்டை எழுதி முடித்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர், "கொன்றுண்ணிகள் எதையாவது நேரில் பார்த்தீர்களா? ஆய்வேட்டில் ஒன்றும் இல்லையே" என்று கேட்டார். பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஒன்றைப் பார்த்தேன். அது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது" என்றேன்.

தேர்வாளர் அடுத்த பக்கத்துக்குப் போனார். என்னைத் தேறியதாக அறிவித்தார்கள். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் விடாமல் வைத்திருந்தார். அறைக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்து, மறுநாள் மத்தியானம்வரை தூங்கினேன்.